அட்டை நம் கையில், பணம் யார் கையில்? – மலை வாசகர்களின் மருத்துவக் காப்பீட்டுக் கேள்விகள்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியவை. இன்னமும் பல வீடுகளில் அதற்குப் பெயர் 'கலைஞர் கார்டு', வேறு சில வீடுகளில் 'அம்மா கார்டு'. பெயர் எதுவானாலும், அட்டையை நீட்டியபின் நடக்கும் இழுபறிதான் எல்லோருக்கும் பொதுவான புகார். பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று தெரிந்தால், எங்கே போய்க் கேட்பது என்பதும் தெரிந்துவிடும். எனவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. ஆனால் வருடத்துக்கு 5 லட்சம் என்கிறார்கள். அந்தப் பணம் எங்கள் பெயரில் எங்காவது இருக்கிறதா? மூன்று வருடமாக நாங்கள் எதுவும் எடுக்கவில்லை. 15 லட்சமாகச் சேர்ந்திருக்குமா?
– கோத்தகிரி வாசகர்

சேர்ந்திருக்காது. உங்கள் பெயரில் 5 லட்சம் எங்கும் போட்டு வைக்கப்படவில்லை. உங்கள் குடும்பத்துக்காக அரசு செலுத்துவது வருடத்துக்கு 849 ரூபாய் பிரீமியம். 2022 ஜனவரி 11-இல் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்துடன் பேசி முடித்த தொகை அது. அதற்கு முந்தைய ஒப்பந்தத்தில் 699 ரூபாய். 5 லட்சம் என்பது ஓர் ஆண்டில் உங்கள் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து அந்த நிறுவனம் ஏற்கும் உச்ச வரம்பு. ஜனவரி 11 முதல் மறு ஜனவரி 10 வரை ஒரு காப்பீட்டு ஆண்டு. அதற்குள் பயன்படுத்தாதது அதோடு முடிந்தது. அடுத்த ஆண்டு மறுபடி முழு 5 லட்சம்.

849 ரூபாயில் 5 லட்சம் எப்படி முடியும் என்று கேட்பீர்கள். ஆயிரம் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பிரீமியம் 8,49,000 ரூபாய். அந்த ஆயிரத்தில் ஆறு குடும்பங்களுக்குத் தலா ஒன்றரை லட்சத்தில் இதய அறுவை சிகிச்சை நடந்தால் 9 லட்சம், வசூலானது போதாது. மற்ற 994 குடும்பங்கள் அந்த ஆண்டு ஆஸ்பத்திரிப் படியே ஏறாமல் இருந்தாலும் அப்படித்தான். ஆக, ஒவ்வொரு கோரிக்கையையும் காப்பீட்டு நிறுவனம் துருவித் துருவிப் பார்ப்பது ஏன் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும். அனுமதி தாமதமாவது, 'இன்னொரு ஸ்கேன் அனுப்புங்கள்' என்பது எல்லாம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

அந்த 849 வருவது பொதுக் கருவூலத்திலிருந்து. ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கான மானியக் கோரிக்கையில் (எண் 19) இதற்கும் நிதி ஒதுக்கப்படுகிறது. இதற்கென்று தனி வரி இல்லை. நீங்கள் சோப்பு வாங்கினாலும் டீசல் போட்டாலும் கட்டும் வரி அதில் சேர்கிறது. அதனால் 'ஓசிக் காப்பீடு' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இதில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். 2018 செப்டம்பர் 23 முதல் பிரதமரின் ஜன் ஆரோக்கிய யோஜனாவும் ('ஆயுஷ்மான்' என்பது இதைத்தான்) மாநிலத் திட்டமும் இணைத்தே நடத்தப்படுகின்றன. 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின்படி மத்தியப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் செலவு 60க்கு 40 என்று பிரிகிறது. அதாவது 849-இல் மத்திய அரசு 509 ரூபாய் 40 காசு, மாநிலம் 339 ரூபாய் 60 காசு. அந்தப் பட்டியலில் இல்லாத, ஆனால் மாநிலம் தன் வருமான வரம்பை வைத்துச் சேர்த்த குடும்பங்களுக்கு முழுத் தொகையும் மாநிலத்துடையது. உங்கள் அட்டை இந்த இரண்டில் எந்த வகை என்பது ஓர் இடத்தில் ரொம்ப முக்கியமாகும். கூடலூர் வாசகரின் கேள்வியில் அதைப் பார்ப்போம்.

நிர்வாகம் தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்ட அலுவலகத்திடம் இருக்கிறது. ஒப்பந்தம், விலைப்பட்டியல், எந்த மருத்துவமனையைச் சேர்ப்பது என்பதெல்லாம் அங்கே. காப்பீட்டு நிறுவனத்துக்காகக் காகிதங்களைச் சரிபார்ப்பது டிபிஏ எனப்படும் இடைநிலை நிறுவனங்கள். யுனைடெட் இந்தியாவும் பொதுத்துறைதான், தலைமையகம் சென்னையில்.

எல்லா மாநிலமும் இந்த வழியில் போகவில்லை. பக்கத்துக் கேரளத்தில் 2020 ஜூலையிலிருந்து நடுவில் காப்பீட்டு நிறுவனமே கிடையாது. மாநில சுகாதார முகமை நேரடியாக மருத்துவமனைக்குப் பணம் தருகிறது. லாபத்துக்கென்று யாரும் வெட்டுவதில்லை என்பது அதில் நல்லது. ஆனால் கருவூலம் தாமதித்தால் மருத்துவமனைகளுக்கு நிலுவை மலைபோல் சேரும். அப்போது அட்டை நோயாளி என்றாலே முகம் சுளிப்பார்கள். எந்த வழியிலும் ஒரு முடிச்சு இருக்கத்தான் செய்கிறது.

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்கிறோம். வருமானச் சான்று கேட்டால் வரம்பைத் தாண்டுகிறது என்கிறார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மாத்திரை கிடைக்கும். ஆபரேஷன் என்றால் கோயம்புத்தூர்தான். எங்களுக்கு வழியே இல்லையா?
– குன்னூர் வாசகி

உங்களைப் போன்றவர்களுக்கு வரம்பு கொஞ்சம் அநியாயமாகத்தான் அமைந்திருக்கிறது. ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாய். 2022 ஒப்பந்தத்தில் 1,20,000 ஆக்கினார்கள். நாள் கூலி 400 என்று வையுங்கள். மாதம் 25 நாள் வேலை என்றால் 10,000. பன்னிரண்டு மாதத்துக்குச் சரியாக 1,20,000. ஒருவர் சம்பளமே கோட்டைத் தொட்டுவிடுகிறது. இருவர் சம்பளமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எஸ்டேட் சம்பளத்தில் கணக்குப் புத்தகம் உண்டு, பிஎஃப் உண்டு, மறைக்க முடியாது. டவுனில் அதைவிட அதிகம் சம்பாதிக்கும் கடைக்காரர் குறைத்துச் சொல்லிச் சான்று வாங்கிவிடுவார்.

ஆனால் வருமானத்தைக் கேட்காத ஒரு கதவு இருக்கிறது. மத்தியப் பட்டியலில் உங்கள் குடும்பம் இருந்தால் வருமானச் சான்று வேண்டியதில்லை. கிராமப்புறத்தில் அந்தப் பட்டியல் வருமானத்தை வைத்துப் போடப்படவில்லை. நிலமற்ற கூலிக் குடும்பம், பட்டியல் சாதி அல்லது பழங்குடிக் குடும்பம், வயதுவந்த ஆண் இல்லாத குடும்பம், ஒற்றை அறைக் கச்சா வீடு போன்ற நிலைகளை வைத்துப் போடப்பட்டது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு தொல்பழங்குடிகளுக்கும் தானாகவே சேர்க்கும் விதி உண்டு. எனவே முதல் வேலை, 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் குடும்ப அட்டை எண்ணைச் சொல்லி, உங்கள் குடும்பம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று கேட்பது. தங்கள் பெயர் பட்டியலில் இருப்பதே தெரியாமல் வருமானச் சான்றுக்கு அலைந்தவர்கள் மலையில் நிறைய. அந்தப் பட்டியலுக்கு அடிப்படையான 2011 கணக்கெடுப்பில் நீங்கள் மாமனார் குடும்பத்தோடு இருந்திருந்தால் அவர் பெயரைச் சொல்லியும் தேடச் சொல்லுங்கள்.

எஸ்டேட் ஆஸ்பத்திரி பற்றி: 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 5 ஹெக்டேருக்குக் குறையாமலும் 15 பேருக்குக் குறையாமலும் உள்ள தோட்டங்களில் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி தருவதை முதலாளியின் கடமையாக்கியது. இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு தோட்டங்களுக்கு வராமல் போனதற்கு அதுவே காரணம். 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து அந்தச் சட்டம் போய்விட்டது; ஆனால் கடமை போகவில்லை. மருத்துவ வசதியை முதலாளியே தரலாம், அல்லது தொழிலாளர்களை இஎஸ்ஐயில் சேர்க்கலாம் என்று இப்போது இரண்டு வழி. உங்கள் நிர்வாகம் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று தொழிற்சங்கம் வழியாக எழுத்தில் கேளுங்கள். எஸ்டேட் மருத்துவர் மேல் சிகிச்சைக்கு அனுப்பினால், அந்தப் பரிந்துரைச் சீட்டை வாங்காமல் வண்டி ஏறாதீர்கள். செலவைப் பிறகு நிர்வாகத்திடம் கேட்பதற்கு அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தானே? பிறகு ஏன் அங்கேயும் காப்பீட்டு அட்டை கேட்கிறார்கள்? அட்டை இல்லை என்றால் சிகிச்சை இல்லையா?
– ஊட்டி வாசகர்

அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. அதை மறுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

அட்டை கேட்பது மருத்துவமனைக்கு வருமானம் வருவதற்காக. அட்டை உள்ளவருக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை செய்தால், அதற்குரிய தொகுப்புத் தொகையை, அதாவது அந்தச் சிகிச்சை முழுவதற்கும் விலைப்பட்டியலில் குறித்த ஒரே தொகையை, காப்பீட்டு நிறுவனம் அந்த அரசு மருத்துவமனையின் கணக்கில் போடுகிறது. அட்டை இல்லாதவருக்கு அதே சிகிச்சை செய்தால் பைசா வராது. வரும் தொகையில் ஒரு பகுதி கருவி, உடலுக்குள் பொருத்தும் பொருள், மருந்து வாங்க. ஒரு பகுதி சிகிச்சையில் ஈடுபட்ட மருத்துவர், செவிலியர், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை. ஒரு பகுதி மாநில அளவில் ஒரு பொது நிதிக்குப் போகிறது. கல்லீரல் மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று போல வழக்கமான வரம்புக்குள் அடங்காத சிகிச்சைகளுக்கு அந்தப் பொது நிதியிலிருந்து கொடுக்கிறார்கள். கிராமத்து ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு குடல்வால் அறுவை சிகிச்சையின் துளி, சென்னையில் யாரோ ஒருவருடைய கல்லீரலுக்குப் போய்ச் சேருகிறது.

அரசே பிரீமியம் கட்டி, அதில் ஒரு பங்கை அரசு மருத்துவமனையே திரும்பப் பெறுவது சுற்றிவளைத்த வேலைதான். நேராக மருத்துவமனைக்கே கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு; கேள்வி நியாயமானதும்கூட. ஆனால் பட்ஜெட்டில் வரும் பணத்தை மருத்துவமனைத் தலைவர் இஷ்டம்போல் செலவழிக்க முடியாது. காப்பீட்டில் வரும் பணத்தில் பழுதான ஒரு கருவியை இந்த மாதமே வாங்க முடிகிறது. 2025 ஏப்ரலில் திறந்த 700 படுக்கை ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு இந்த வரவு சிறிய விஷயமில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அரசு மருத்துவமனையில் எடுத்த தொகையும் உங்கள் 5 லட்சத்திலிருந்துதான் கழியும். பெரிய சிகிச்சை ஒன்று தனியாரில் திட்டமிட்டிருந்தால், மீதம் எவ்வளவு என்று முன்கூட்டியே கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவை இதய அடைப்புக்காகக் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பட்டியலில் அந்த மருத்துவமனை இருந்தது. ஆனால் 'அப்ரூவல் வரவில்லை, முன்பணம் கட்டுங்கள்' என்று 40,000 வாங்கினார்கள். பிறகு அனுமதி வந்தும் திருப்பித் தரவில்லை. எங்கே தவறு?
– அருவங்காடு வாசகர்

அதிகமாக வரும் புகார் இதுதான், விரிவாகவே சொல்கிறோம்.

பட்டியலில் இருப்பது என்றால் எல்லாச் சிகிச்சைக்கும் என்று பொருளில்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் பிரிவு வாரியாகச் சேர்க்கப்படுகிறது. எலும்புக்கு இருக்கும் மருத்துவமனை இதயத்துக்கு இல்லாமல் இருக்கலாம். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டவை. ஆகவே மலையிறங்குவதற்கு முன்பே கட்டணமில்லா எண்ணை அழைத்து, 'இந்த மருத்துவமனையில், இந்தப் பிரிவில், இந்தச் சிகிச்சைக்கு உண்டா' என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

மருத்துவமனையில் நுழைந்ததும் பில் கவுன்ட்டருக்குப் போகாமல் காப்பீட்டுத் திட்டக் கவுன்ட்டருக்குப் போக வேண்டும். ரொக்க நோயாளியாகப் பதிவாகி, பணம் கட்டி, சோதனைகள் எல்லாம் முடிந்தபின் அட்டையை எடுத்தால், அதுவரை கட்டியதைத் திரும்பப் பெறுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். திட்டம் ரொக்கமில்லாச் சிகிச்சைக்கானது. பில்லைக் கொடுத்துப் பணம் வாங்கும் வழக்கம் இதில் இல்லை. அவசரத்தில் வந்தவருக்கும் வழி உண்டு: மருத்துவமனை தொலைபேசியில் அனுமதி வாங்கிச் சிகிச்சையைத் தொடங்கலாம், காகிதங்களைப் பிறகு ஏற்றலாம். 'ராத்திரி ஆபீஸ் இல்லை' என்று சொல்வது சரியான பதில் இல்லை.

அடுத்தது முன் அனுமதி. மருத்துவர் நோயைக் கண்டறிந்து, விலைப்பட்டியலில் எந்தத் தொகுப்பு என்று குறித்து, ஆஞ்சியோ படம், ஈசிஜி, ரத்தப் பரிசோதனை முதலியவற்றோடு இணையத்தில் அனுப்புவார். டிபிஏ மருத்துவர் பார்த்து அனுமதிப்பார், மறுப்பார், அல்லது கேள்வி எழுப்புவார். 'அப்ரூவல் வரவில்லை' என்று உங்களிடம் சொல்லப்படுவதில் பாதி இந்த மூன்றாவது வகை. கேள்வி வந்து மருத்துவமனையின் கணினியில் பதிலுக்காகக் காத்திருக்கும். பதில் போட வேண்டியவர் ஷிஃப்ட் முடிந்து போயிருப்பார். அப்போது நீங்கள் கேட்க வேண்டியவை: கோரிக்கை எண் என்ன, எப்போது அனுப்பினீர்கள், திரும்ப ஏதாவது கேட்டிருக்கிறார்களா, என்ன கேட்டார்கள்? கோரிக்கை எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு கட்டணமில்லா எண்ணுக்கே அழைத்தால், கோப்பு யார் மேஜையில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இந்த ஒரு போன் பல நேரங்களில் கவுன்ட்டரில் காத்து நிற்பதைவிடப் பலன் தரும்.

கோரிக்கை மறுக்கப்படுவதற்கு வழக்கமான காரணங்கள் உண்டு. படமோ அறிக்கையோ நோயைக் காட்டவில்லை. குறித்த தொகுப்பு பொருந்தவில்லை. ஆதாரில் 'முருகையன்', குடும்ப அட்டையில் 'முருகன்'. படுக்கையில் சேர்க்கத் தேவையில்லாத, வெளிநோயாளியாகவே பார்க்கக்கூடிய நோய். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றவற்றைச் சரிசெய்து மறுபடி அனுப்பலாம்.

அனுமதி வந்தபின் மருத்துவமனை உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. தொகுப்புத் தொகையில் படுக்கை, சாப்பாடு, மருந்து, அறுவைப் பொருட்கள், மருத்துவர் கட்டணம் எல்லாம் அடங்கிவிட்டன. ஒரே சிகிச்சைக்கும் மருத்துவமனையின் தரத்தைப் பொறுத்து அந்தத் தொகை மாறும். பெரிய மருத்துவமனைகள் 'இந்தத் தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது' என்று புலம்புவதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அது அவர்களுக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த வித்தியாசத்தை நோயாளியின் மடியிலிருந்து எடுப்பது முறையல்ல. 'இதைவிட நல்ல ஸ்டென்ட் இருக்கிறது, கூடுதலாக மட்டும் கட்டுங்கள்' என்பதும் இதே ரகம்.

உங்கள் 40,000 விஷயத்துக்கு வருவோம். ரசீது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரசீதின் தேதி, அனுமதி வந்த தேதி, டிஸ்சார்ஜ் சம்மரி, இந்த மூன்றின் நகலோடு மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் இந்தத் திட்டத்துக்கான கண்காணிப்பு, குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். கட்டணமில்லா எண்ணிலும் புகாரைப் பதிந்து அந்த எண்ணையும் மனுவில் எழுதுங்கள். அனுமதி வந்தபின் வாங்கிய தொகை என்றால் உங்கள் பக்கம் வலுவானது. அனுமதிக்கு முன் கட்டியதற்கு, நீங்கள் சேர்ந்த அன்றே அட்டையைக் காட்டினீர்கள் என்பதை நிறுவ வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் 'காப்பீட்டு நோயாளி' என்று எழுதியிருந்தால் அதுவே போதுமான சாட்சி. ரசீதே தராமல் வாங்கியிருந்தால் சிரமம்தான். போனிலோ வங்கி வழியாகவோ கட்டியிருந்தால் அந்தப் பதிவை வைத்து முயலலாம்.

கேள்வி: பந்தலூர் பக்கத்திலிருந்து எங்களுக்குக் கோயம்புத்தூரைவிட வயநாடும் கோழிக்கோடும் கிட்டே. அங்கே நம் அட்டை செல்லுமா?
– கூடலூர் வட்டார வாசகர்

சிலருக்குச் செல்லும், சிலருக்குச் செல்லாது. முதல் பதிலில் சொன்ன இரண்டு வகை இங்கேதான் முக்கியம். உங்கள் குடும்பம் மத்தியப் பட்டியலில் இருந்தால், ஆயுஷ்மான் திட்டத்தில் சேர்ந்த எந்த மாநில மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். சிகிச்சை நடக்கும் மாநிலத்தின் விலைப்பட்டியல்படி தொகை கணக்கிடப்பட்டு, அதை நம் மாநிலத் தரப்பு கொடுக்கும். மாநிலப் பணத்தில் மட்டும் சேர்ந்த குடும்பத்துக்கு இந்த வசதி கிடையாது.

போவதற்கு முன் ஆதார் அடிப்படையில் விவரச் சரிபார்ப்பை முடித்து ஆயுஷ்மான் அட்டை எடுத்து வையுங்கள். நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு இதைச் செய்வது திண்டாட்டம். ஆதாரோடு இணைந்த போன் வீட்டில் கிடக்கும், ஓடிபி வராது. அங்கே ஆரோக்கிய மித்ரா என்று ஒருவர் கவுன்ட்டரில் இருப்பார், அவரைக் கேளுங்கள். மத்திய உதவி எண் 14555. வெளிமாநிலக் கோரிக்கைக்கு மருத்துவமனைக்குப் பணம் வர 30 நாள் வரை கெடு, உள்மாநிலத்துக்கு 15 நாள். வெளிமாநில அட்டையைக் கண்டால் சில மருத்துவமனைகள் தயங்குவதற்கு இந்த வித்தியாசமும் காரணம்.

இதன் மறுபக்கமும் உங்கள் ஊரில் பார்க்கலாம். ஜார்க்கண்டிலிருந்து வந்து தோட்டங்களில் வேலை செய்பவரிடம் அவர் மாநில ஆயுஷ்மான் அட்டை இருந்தால், அது இங்கே செல்லும். அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

அரசு இந்த வழிக்கு வருவதற்கு முன்பே காப்பீட்டை நடத்திக் காட்டிய ஊர் உங்களுடையது என்பதையும் சொல்ல வேண்டும். கூடலூரில் அஷ்வினி ஆதிவாசி மருத்துவமனையும் பழங்குடி மக்கள் சங்கமும் சேர்ந்து 1992-இலேயே பழங்குடியினருக்கான மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கிவிட்டன. மாநில அரசின் முதல் திட்டம் வந்தது 2009 ஜூலையில்.

கேள்வி: கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் மாதம் 14,000 சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். இஎஸ்ஐ என்று பிடிக்கிறார்கள். அதை நிறுத்திவிட்டு முதலமைச்சர் அட்டை வாங்கிக்கொள்ளலாமா?
– கொடைக்கானல் வாசகர்

வேண்டாம், முடியவும் முடியாது. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ கட்டாயம். உங்கள் 14,000-க்கு உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், 105 ரூபாய். ஓட்டல்காரர் தன் பையிலிருந்து போடுவது 3.25 சதவீதம், 455 ரூபாய். மாதம் 560, வருடத்துக்கு 6,720 ரூபாய். முதலமைச்சர் திட்டத்தின் 849-ஐப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. அதற்கேற்ற பலனும் உண்டு: வெளிநோயாளி மருந்து, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், மகப்பேற்று விடுப்புக்குப் பணம். மருத்துவச் செலவில் எட்டில் ஒரு பங்கை மாநில அரசும் ஏற்கிறது. உங்கள் ஆண்டு வருமானம் 1,68,000. மாநில வரம்பைத் தாண்டியதால் அந்த அட்டை எப்படியும் கிடைக்காது, மத்தியப் பட்டியலில் இருந்தால் தவிர.

மலையில் சீசன் வேலை செய்பவர்கள் ஏமாறுவது 78 நாள் விதியில். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு காலத்தில் 78 நாளாவது உங்கள் பெயரில் பணம் கட்டியிருந்தால்தான் அதற்குரிய ஆறு மாதத்தில் நோய்க்காலப் பணம் கிடைக்கும். ஏப்ரல், மே இரண்டு மாதம் மட்டும் வேலை பார்த்துவிட்டு ஊருக்குப் போனால் 78 நிறையாது. பிடித்த பணத்தை ஓட்டல் உண்மையிலேயே கட்டுகிறதா என்பதை உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொண்டு இஎஸ்ஐ இணையதளத்தில் மாதாமாதம் பார்க்கலாம். சம்பளச் சீட்டில் இருந்து, அங்கே இல்லை என்றால் உடனே எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. மாதாமாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்களே, அது இதே திட்டமா?
– வத்தலகுண்டு வாசகி

இல்லை, டீச்சர். அது ஓய்வூதியர்களுக்கான தனிக் காப்பீடு, 2022 ஜூலையிலிருந்து 497. பணியில் உள்ளவர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 300. உங்களுடையதில் பிரீமியம் ஓய்வூதியத்திலிருந்தே போகிறது. முதலமைச்சர் திட்டக் கவுன்ட்டரில் உங்கள் அட்டையை நீட்டினால் 'இல்லை' என்றுதான் வரும். மருத்துவமனைப் பட்டியலும் வேறு.

கேள்வி: மன்னவனூரிலிருந்து திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ் போய்வர ஒரு நாள் போய்விடுகிறது. போன தடவை மருமகள் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரே நடையில் முடிக்க என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
– கொடை மேல்மலை வாசகர்

குடும்ப அட்டையைச் சரிசெய்யாமல் கிளம்பாதீர்கள், ஐயா. காப்பீட்டில் குடும்பம் என்பது அதில் பெயர் உள்ள கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், பெற்றோர். மருமகள் பெயர் அவர் பிறந்த வீட்டு அட்டையில் இருக்கும்வரை உங்கள் அட்டையில் ஏறாது. முதலில் அங்கே நீக்க வேண்டும், பிறகு உங்கள் அட்டையில் சேர்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் காப்பீடு. மகனும் மருமகளும் தனி அட்டை போட்டுக்கொண்டால் அவர்களுக்குத் தனியாக 5 லட்சம் என்பதையும் யோசியுங்கள். ஒரே அட்டையில் எட்டுப் பேர் இருந்தாலும் வரம்பு அதே 5 லட்சம்தான்.

அடுத்து வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ, ஆர்ஐ பார்வைக்குப் போய் வரும். கட்டணம் 60 ரூபாய். சான்றில் குடும்பத் தலைவர் பெயர் குடும்ப அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மூன்றாவது, எல்லோருடைய ஆதாரும். பதிவு மையத்தில் புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். வயதானவர்களுக்கும், பூண்டு உரித்து, மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களுக்கும் ரேகை விழாமல் போவது மேல்மலையில் சகஜம். ஆதாரோடு இணைந்த போனைக் கையில் வைத்திருந்தால் ஓடிபி வழி முயலச் சொல்லலாம். அசல்களோடு நகல் ஒரு செட்.

கிளம்பும் நாள் காலையில் 1800 425 3993-க்கு அழைத்து, மையம் இயங்குகிறதா என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். கொடைக்கானலிலோ பண்ணைக்காட்டிலோ மருத்துவ முகாம் நடந்தால் அங்கே பதிவு உண்டா என்றும் அதே அழைப்பில் கேளுங்கள். இருந்தால் திண்டுக்கல் நடையே மிச்சம்.

கேள்வி: மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தால், காயம்பட்டவரிடம் எந்த அட்டையும் இல்லாவிட்டால்?
– பர்லியார் வாசகர்

அட்டை தேவையில்லை. 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அவர் தமிழ்நாட்டவரா, கர்நாடகச் சுற்றுலாப் பயணியா, வருமானம் என்ன என்று கேட்பதில்லை. அதற்கு மேல் 2025 மே முதல் மத்திய அரசின் விதியும் இருக்கிறது: விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் வரை. வாகனத்துக்குக் காப்பீடு இருந்தால் அந்தப் பணம் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் பங்களிப்பிலிருந்து வரும். இல்லாவிட்டாலும், இடித்துவிட்டு ஓடிய வண்டி என்றாலும் அரசு ஒதுக்கீட்டிலிருந்து வரும். மத்திய விதியில் விபத்து காவல்துறைப் பதிவில் ஏறியாக வேண்டும். எனவே 108-ஐ அழைத்த கையோடு காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.